சின்ன வயதிலிருந்து கூடவே வரும் அனிமேஷன் படப் பாட்டு எது? ஆளுக்கு ஒன்று, காரணத்தோடு

பழையகேசட்

வணக்கம் நண்பர்களே. சின்ன வயதில் பார்த்த அனிமேஷன் படங்களில் இன்றைக்கும் உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பாட்டு எது? பட்டியல் வேண்டாம். ஆளுக்கு ஒரு பாட்டு, ஏன் அது என்பதற்கு நாலு வரி. டிவி தொடர்களின் தொடக்கப் பாட்டுக்குத் தனி இழையே போடலாம், அதனால் இங்கே படங்கள் மட்டும்.

நானே தொடங்கி வைக்கிறேன். 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) படத்தில் வரும் 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்'. கடலுக்கு அடியில் ஒரு குகை. மூழ்கிய கப்பல்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சாமான்களைச் சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறாள் ஏரியல் என்ற கடல்கன்னி. ஒவ்வொன்றாகப் பெருமையோடு காட்டிக்கொண்டே வருகிறவள், சட்டென்று இதெல்லாம் போதவில்லை என்கிறாள். மனிதர்கள் எதை வைத்து நடக்கிறார்கள் என்று சொல்ல வந்து, பெயர் நினைவுக்கு வராமல் ஒரு நொடி தடுமாறுவாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கடைசியில் குகையின் மேல்வாயில் வெளிச்சம் தெரிகிறது. அதை நோக்கிக் கையை நீட்டுகிறாள். கை மட்டும்தான் வெளியே வருகிறது.

பாடியவர் ஜோடி பென்சன். கடலுக்குள் இருப்பது போன்ற உணர்வு வேண்டும் என்று ஸ்டுடியோவில் விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பாடினாராம். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன் பக்கத்திலேயே நின்று, குரலைக் குறை, உணர்ச்சியைக் கூட்டு என்று வரிக்கு வரி சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாட்டைக் கேட்டாலே அது தெரியும். மேடையில் நின்று ஊருக்குப் பாடுகிற குரல் இல்லை அது, தனியாக இருக்கும்போது பேசிக்கொள்கிற குரல்.

இந்தப் பாட்டையே படத்திலிருந்து தூக்கப் பார்த்தார்கள். படம் முழுதாக வரைந்து முடியாத நிலையில் ஒரு முன்னோட்டக் காட்சி நடந்தது. இந்த இடத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்ததைப் பார்த்து, ஸ்டுடியோவின் தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் வெட்டிவிடச் சொன்னார். ஆஷ்மன், இயக்குநர்கள், ஏரியலை வரைந்த கிளென் கீன் என்று எல்லோரும் மல்லுக்கட்டித்தான் அதைக் காப்பாற்றினார்கள். அது போயிருந்தால் அந்தப் பெண் எதற்காகச் சூனியக்காரியிடம் குரலை விற்றாள் என்பதே நமக்குப் புரிந்திருக்காது.

உங்கள் பாட்டு?

மழைமேகம்

நல்ல இழை. யோசிக்கவே வேண்டியதில்லை எனக்கு. 'டாய் ஸ்டோரி 2' (1999), 'வென் ஷி லவ்ட் மி'.

ஜெஸ்ஸி என்ற பொம்மை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் பழைய கதையைச் சொல்கிறாள். எமிலி என்ற சிறுமிக்கு ஒரு காலத்தில் அவள்தான் உயிர். பிறகு அந்த அறை மெதுவாக மாறுகிறது. மேசையில் குதிரைக்காரப் பொம்மைகள் இருந்த இடத்தில் அலங்காரச் சாமான்கள் வருகின்றன. ஜெஸ்ஸி கட்டிலுக்கு அடியில் விழுகிறாள், யாரும் தேடவில்லை. வருடங்கள் கழித்து எமிலியின் கை அவள்மேல் படுகிறது. காரில் ஏற்றிக்கொண்டு போகிறாள். பொம்மைக்கு ஒரே சந்தோஷம், மறுபடி விளையாடப் போகிறோம் என்று. கார் நிற்கிற இடத்தில் நன்கொடைப் பெட்டி இருக்கிறது.

மூன்று நிமிடம்தான் இருக்கும். ஒரு வசனம் கிடையாது. ராண்டி நியூமன் எழுதி இசையமைத்தது, சாரா மக்லாக்லன் பாடியது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்துவிட்டு எமிலியைக் கரித்துக் கொட்டினேன். இப்போது எனக்கு ஒரு மகள். போன மாதம் அவளோடு உட்கார்ந்து பார்த்தபோது எமிலிமேல் கோபமே வரவில்லை. அவள் என்ன செய்வாள், வளர்ந்துவிட்டாள். ஜெஸ்ஸி இடத்தில் நான்தான் இருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. பாட்டு முடியும்வரை மகள் பக்கம் திரும்பவே இல்லை நான்.

கோடம்பாக்கத்துக்காரன்

மேலே இரண்டு பேரும் சொன்ன பாட்டுகளுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஏரியல் வாயைத் திறந்து பாடுகிறாள். ஜெஸ்ஸி பாடவில்லை. யாரோ ஒருவர் பின்னணியில் பாடுகிறார், படம் ஓடுகிறது. நம் ஊரில் மாண்டாஜ் பாட்டு என்கிறோமே, அச்சாக அதுதான். பிக்ஸார்காரர்கள் 'டாய் ஸ்டோரி' (1995) எடுக்கும்போதே, பாத்திரங்கள் நின்று பாடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். டிஸ்னி படங்கள் எல்லாம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தன, அதே வழியில் போக அவர்களுக்கு விருப்பமில்லை. அதனால் பாட்டையெல்லாம் நியூமன் வெளியே நின்று பாடுகிறவர்போலப் பாடினார். ஜெஸ்ஸியே வாயைத் திறந்து பாடியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்பது என் கட்சி. சோகத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதவளுக்காக வேறொருவர் பாடுகிறார், அதில்தான் பலம்.

இன்னொன்று. வரைந்த படத்துக்கு யாரோ குரல் கொடுத்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். முதலில் பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வரைபவர் படம் போடுவார். பாடகி எந்த இடத்தில் மூச்சு எடுத்தார், எந்த எழுத்தை இழுத்தார் என்பதைப் பார்த்துத்தான் தோள் ஏறும், புருவம் அசையும். கிளென் கீன் அதுவரை முரட்டு உருவங்களை வரைவதில் பேர் வாங்கியவர். ஜோடி பென்சன் பாடியதைக் கேட்ட பிறகுதான், இந்தப் பெண்ணை நான்தான் வரைவேன் என்று அடம்பிடித்தார்.

இது நமக்குப் புதுசு இல்லை. இங்கேயும் பாட்டு முதலில் பதிவாகிவிடும், அப்புறம்தான் ஸ்பாட்டில் ஓடவிட்டு நடிகர் வாயசைப்பார். நடிகருக்கு ஒரு சொந்த முகம் இருக்கிறது, அவர் தன் பாணியில் எதையாவது செய்துவிடுவார். வரைந்த முகத்துக்கு அந்தக் குரலைத் தவிர வேறு உயிர் கிடையாது. அதனால்தான் அந்தப் பாட்டுகளில் குரலும் முகமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்கின்றன.

என் பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

நிலாச்சோறு

கோடம்பாக்கத்து அண்ணா, இதை வாசித்துவிட்டு ஏரியல் பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். மூச்சு எடுக்கிற இடத்தில் தோள் உண்மையிலேயே ஏறுகிறது!

வடமராட்சி

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். என்னுடையது 'தி லயன் கிங்' (1994), 'சர்க்கிள் ஆஃப் லைஃப்'.

சூரியன் எழும்புகிறது. அதோடு ஒரு ஆளின் குரல். என்ன மொழி என்று தெரியாது, என்ன சொல்கிறார் என்று விளங்காது. ஆனால் ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்று உடம்புக்கு விளங்கிவிடும். அது சூலு மொழி. பாடியவர் லெபோ எம், தென்னாபிரிக்கர். இனவெறி ஆட்சிக் காலத்தில் சொந்த நாட்டை விட்டு வெளியே வாழ்ந்தவர். பின்னணி இசையமைத்த ஹான்ஸ் ஸிம்மர் அவரோடு முன்னரே ஒரு தென்னாபிரிக்கக் கதைப் படத்தில் வேலை செய்திருந்தார், அந்தப் பழக்கத்தில் இதற்கும் கூப்பிட்டார். மெட்டு எல்டன் ஜான், வரிகள் டிம் ரைஸ். இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர். அந்த முதல் குரல் இல்லாவிட்டால் அது இன்னொரு நல்ல பொப் பாட்டாகப் போயிருக்கும் என்பதுதான் என் எண்ணம்.

படத்தில் முதல் நாலு நிமிடத்துக்கு ஒருவரும் ஒரு சொல் கதைப்பதில்லை. யானைகள் வருகின்றன, மான்கள் வருகின்றன, எறும்புகள் இலையைத் தூக்கிக்கொண்டு போகின்றன, கிழக்குரங்கு குட்டியைத் தூக்கிக் காட்டுகிறது, டப் என்று ஒரு அடி, படத்தின் பெயர். கதைக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். டிஸ்னிக்கே இது அவ்வளவு பிடித்துப்போய், படம் வருவதற்கு முந்தைய ஆண்டே இந்தக் காட்சியை அப்படியே முழுதாக டிரெய்லராகப் போட்டார்கள்.

வேறு நாட்டுக்கு வந்து சேர்ந்த பிள்ளை நான். வகுப்பில் நடப்பது பாதிக்கு மேல் விளங்காத காலம். அந்த நேரத்தில், விளங்காத மொழியில் ஒருவர் பாட, மற்றப் பிள்ளைகளுக்கும் அது விளங்காமல், எல்லோருமாக ஒன்றாக வாயைப் பிளந்து பார்த்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

செங்காந்தள்

'தி ஜங்கிள் புக்' (1967). 'தி பேர் நெசசிட்டீஸ்'. பாலு கரடி மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டே பாடுமே, அது.

அந்தப் படத்துக்கு முதலில் பாட்டெழுத அமர்த்தப்பட்டவர் டெர்ரி கில்கைசன். வால்ட் டிஸ்னிக்கு அவருடைய பாட்டுகள் பிடிக்கவில்லை, படத்துக்கு ரொம்பக் கனமாக இருக்கின்றன என்று ஒதுக்கிவிட்டு ஷெர்மன் சகோதரர்களைக் கூட்டிவந்தார். கில்கைசன் எழுதியதில் இந்த ஒன்று மட்டும் தப்பியது. கடைசியில் ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனதும் இதுதான்.

பாலுவுக்குக் குரல் கொடுத்த ஃபில் ஹாரிஸ் இசைக்குழு நடத்தியவர். குரங்கு ராஜாவாகப் பாடிய லூயி பிரைமாவும் ஜாஸ் மேடைக்காரர்தான். காட்டுக்கதைக்கு மேடைக் கலைஞர்களைப் பிடித்துப் போட்டதுதான் அந்தப் படத்தின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். எழுதி வைத்துப் பாடியதுபோலவே இருக்காது. அந்தக் கரடி அந்த நிமிடத்தில் தோன்றியதைப் பாடிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

வேலையில் மூச்சுமுட்டும் நாட்களில் இதைத்தான் போடுவேன். இதற்கு மேல் காரணம் இல்லை.

வடமராட்சி அண்ணா, லயன் கிங்கில் டிமோன் என்ற கீரியும் பும்பா என்ற காட்டுப்பன்றியும் காட்டு வழியில் நடந்துகொண்டே ஒரு சிங்கப் பாட்டு பாடுவார்களே, அது எல்டன் ஜான் பாட்டா?

வடமராட்சி

இல்லை தங்கச்சி. அதன் கதை பெரிய கதை.

1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் சாலமன் லிண்டா என்ற சூலுப் பாடகர் தன் குழுவோடு 'எம்பூபே' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். எம்பூபே என்றால் சிங்கம். அந்தப் பாட்டின் உரிமை பத்து ஷில்லிங்குக்குக் கைமாறியது. பிறகு அது அமெரிக்காவுக்குப் போய், பீட் சீகர் குழு ஒரு விதமாகப் பாடி, 1961இல் தி டோக்கன்ஸ் என்ற குழு ஆங்கில வரிகளோடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று பாடி உலகமெல்லாம் ஓடியது. அடுத்த வருஷம் லிண்டா ஏழையாகவே செத்துப்போனார்.

2000இல் ரியான் மாலன் என்ற தென்னாபிரிக்க எழுத்தாளர் ரோலிங் ஸ்டோன் இதழில் இதை விரிவாக எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2004இல் லிண்டாவின் குடும்பம் டிஸ்னிமேல் வழக்குப் போட்டது. 2006இல் உரிமையை வைத்திருந்த நிறுவனத்தோடு சமரசம் ஆனது. படத்தில் வருவது சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளால்தான் வழக்குப் போட ஒரு வழி கிடைத்தது, லிண்டாவின் பிள்ளைகளுக்கும் ஏதோ கிடைத்தது.

'எம்பூபே' பழைய பதிவு இணையத்தில் கிடைக்கிறது, கட்டாயம் கேளுங்கள். கடைசிப் பகுதியில் லிண்டா அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி உச்சத்தில் ஒரு மெட்டு பாடுவார். பிறகு ஆங்கிலத்தில் எல்லோரும் பாடிய முதன்மை மெட்டு அந்தத் துண்டுதான்.

செங்காந்தள்

இப்போதுதான் கேட்டேன் அண்ணா. அந்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நன்றி.

நெல்லைவாசி

எல்லோரும் டிஸ்னியிலேயே இருக்கிறீர்கள். நிபந்தனையில் கொஞ்சம் இடம் கொடுத்தால் நான் ஒன்று சொல்வேன். முழுநீள அனிமேஷன் படம் இல்லை, படத்துக்குள் வரும் அனிமேஷன் பாட்டு. 1989இல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'. ஏவிஎம் தயாரிப்பு, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், சந்திரபோஸ் இசை. ரஜினியும் குழந்தைகளும் காட்டுக்குள் போக, வரைந்த மிருகங்கள் கூடவே ஆடும், எஸ்.பி.பி. குரலில் 'ராஜா சின்ன ரோஜாவோடு காட்டுப் பக்கம் வந்தானாம்'.

எங்கள் ஊர்ப் பக்கம் டூரிங் கொட்டகையில் மண்தரையில் உட்கார்ந்து பார்த்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். நிஜ மனிதர் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், இரண்டும் ஒரே திரையில் பேசிக்கொள்கின்றன என்றால் எங்களுக்கு அது மந்திரம். ரஜினி பார்க்கிற திசையில் மிருகம் நிற்க வேண்டும், இவர் கை நீட்டினால் அது அங்கே இருக்க வேண்டும். படப்பிடிப்பில் அங்கே எதுவுமே இல்லை, வெறும் காற்று. அத்தனை பிரேமையும் பிறகு கையால் வரைந்து சேர்த்திருக்கிறார்கள்.

அந்த அனிமேஷனைச் செய்தவர் ராம் மோகன். இந்திய அனிமேஷனின் தந்தை என்று சொல்வார்கள், 2019இல் காலமானார். ஜப்பானியர் யூகோ சாகோவோடு சேர்ந்து 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' எடுத்த அதே ராம் மோகன்தான். 90களின் பிள்ளைகள் பலருக்கு அந்த ராமாயணம் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்த ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரியில் புதுப்பித்துத் தியேட்டரில் விட்டார்கள், தமிழிலும் வந்தது.

பழையகேசட்

நெல்லைவாசி ஐயா, தாராளமாக இடம் உண்டு. அந்த மிருகங்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட ஆரம்பித்தோம்.

பாலைநிலம்

மழைமேகம் அக்கா சொன்ன பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அந்த ஆண்டு ஆஸ்கரில் அதை ஜெயித்தது என் பாட்டு! 'டார்ஸன்' (1999), ஃபில் காலின்ஸின் 'யூ வில் பி இன் மை ஹார்ட்'. மகளுக்காகப் போட்ட தாலாட்டு அது. படத்தில் கொரில்லாத் தாய் அந்த மனிதக் குழந்தைக்குத் தானே இரண்டு வரி பாடத் தொடங்குவாள், அப்புறம் காலின்ஸ் குரல் எடுத்துக்கொள்ளும். அந்தக் கைமாற்றம் ஒன்றே போதும் எனக்கு. நான் வளர்ந்தது சித்தி வீட்டில். பெற்றால்தான் தாயா என்று கேட்கிற கதையை நான் வேறு எப்படிப் பார்ப்பேன்?

காலின்ஸ் இந்தப் படத்தின் பாட்டுகளை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானிஷ் மொழிகளிலும் தானே பாடினார். அந்த அக்கறையும் பிடிக்கும்.

மழைமேகம்

தம்பி, பரிசு போனால் போகட்டும் என்று விட முடியவில்லை எனக்கு. அந்த முடிவு தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் உன் காரணத்தை வாசித்த பிறகு உன்னோடு சண்டை போட மனம் வரவில்லை. சித்தி நன்றாக இருக்கிறார்களா?

பாலைநிலம்

நன்றாக இருக்கிறார்கள் அக்கா. பாட்டைக் காட்டினேன் ஒருமுறை. குரங்குப் படமா என்று கேட்டுவிட்டுக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள்.

பழையகேசட்

ஹோவர்ட் ஆஷ்மனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த இழையை நான் தொடங்கியதே அதற்காகத்தான்.

அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். இசையமைப்பாளர் ஆலன் மென்கனோடு சேர்ந்து நியூயார்க்கில் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற இசை நாடகத்தை 1982இல் வெற்றியாக்கிய பிறகு டிஸ்னிக்குப் போனார். அங்கே வரைபவர்களை உட்கார வைத்து இசை நாடகம் எப்படி இயங்குகிறது என்று பாடமே எடுத்திருக்கிறார். கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நாயகி எங்காவது ஒரு இடத்தில் உட்கார்ந்து, தனக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று பாடிவிட வேண்டும். பார்ப்பவர்கள் அந்த ஆசையைத் தங்கள் ஆசையாக எடுத்துக்கொண்டால், அதற்குப் பிறகு படம் எங்கே போனாலும் கூடவே வருவார்கள். ஏரியலின் குகைப் பாட்டு அதுதான். நண்டு செபாஸ்டியனைக் கரீபியன் தீவுக்காரராக மாற்றியதும் ஆஷ்மன் யோசனை. அதனால்தான் 'அண்டர் த ஸீ' என்ற துள்ளல் பாட்டு பிறந்தது, ஆஸ்கரும் வாங்கியது.

அந்த ஆஸ்கர் இரவில் அவருக்கு எய்ட்ஸ் முற்றிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்த மென்கனுக்கே தெரியாது. விழா முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் சொன்னார். அடுத்த படம் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. அவரால் கலிஃபோர்னியாவுக்குப் பயணம் செய்ய முடியவில்லை. அதனால் படக்குழுவே நியூயார்க் மாநிலத்தில் அவர் வீட்டுக்கு அருகே ஃபிஷ்கில் என்ற ஊருக்குப் போய், ஓட்டலில் அறை எடுத்து அங்கே வைத்துக் கதையை உருவாக்கியது.

அந்தப் படத்தின் தலைப்புப் பாட்டைப் பாடிய ஆஞ்செலா லான்ஸ்பரிக்கு, இது தன் குரலுக்கு ஒத்துவராது என்ற தயக்கம். சும்மா ஒருமுறை பாடிப் பாருங்கள் என்றார்கள். அந்த ஒரே டேக்தான் படத்தில் இருப்பது. குரலில் வயது தெரிகிறது, லேசான நடுக்கம் தெரிகிறது. பெரிய பாடகி பாடியிருந்தால் அது காதல் பாட்டாக மட்டும் இருந்திருக்கும். படத்தில் அவர் குரல் கொடுக்கும் தேநீர்ப் பாத்திரம், வீட்டில் வயதான அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோலப் பாடுவதால்தான் தொண்டை அடைக்கிறது.

1991 மார்ச் 14 அன்று ஆஷ்மன் இறந்தார். வயது 40. படம் வந்தது நவம்பரில். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் அதுதான். அந்தப் படத்தின் மூன்று பாட்டுகள் பரிந்துரையில் இருந்தன, தலைப்புப் பாட்டு வென்றது. ஆஷ்மனின் பரிசை வாங்கிக்கொள்ள அவருடைய துணைவர் பில் லாச் மேடையேறினார். 'அலாதீன்' (1992) படத்துக்கும் ஆஷ்மன் சில பாட்டுகளை எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். பூதம் பாடும் 'ஃப்ரெண்ட் லைக் மி' அவருடையது. மீதியை டிம் ரைஸ் முடித்தார்.

அவ்வளவு வலியோடு படுத்திருந்த ஒருவர் அந்தப் பூதத்தின் கும்மாளத்தை எழுதியிருக்கிறார் என்பதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோடம்பாக்கத்துக்காரன்

பழையகேசட், நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். கதையை விட்டுப் பிரிக்க முடியாத பாட்டுதான் உயர்ந்த பாட்டு என்ற தொனி உங்கள் எழுத்தில் இருக்கிறது. நாம் வளர்ந்த விதம் அப்படி இல்லையே. படம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே கேசட் வந்துவிடும். டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் பாட்டு தனியாக வாழும். பலமுறை படம் ஓடாது, பாட்டு ஓடும். கதை இல்லாமலும் நிற்கிற மெட்டைப் போடுவது சின்ன வேலை இல்லை.

அதனால் என் பாட்டு லயன் கிங்கின் 'கேன் யூ ஃபீல் த லவ் டுநைட்'. ஒரு கட்டத்தில் அதை டிமோன், பும்பா இருவரும் கேலியாகப் பாடுவதாக வைத்திருந்தார்கள். எல்டன் ஜான் ஒப்புக்கொள்ளவில்லை. சரியான கோபம். படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அந்தப் பாட்டைப் போடுங்கள், சிங்கம் என்றே தெரியாது, பாட்டு நிற்கும்.

இதே காரணத்தால் நம் பக்கம் ஒரு குறையும் இருக்கிறது. 2007இல் 'இனிமே நாங்கதான்' வந்தது, இளையராஜா இசை. 2014இல் 'கோச்சடையான்', ஏ.ஆர். ரஹ்மான். அதில் எஸ்.பி.பி.யும் சாதனா சர்கமும் பாடிய 'மெதுவாகத்தான்' வாலி எழுதியது. படம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. எவ்வளவு மென்மையான பாட்டு! ஆனால் ஒரு எட்டு வயதுப் பிள்ளை அதைத் தன் பாட்டு என்று எடுத்துக்கொண்டதா? நான் பார்த்தவரை இல்லை. அது பெரியவர்களுக்கான டூயட். பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு பாத்திரம் தமிழில் நின்று பாடுகிற அனிமேஷன் படம் நமக்கு இன்னும் அமையவில்லை. இங்கே மெட்டுப் போட ஆள் இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறது, வரையவும் ஆள் இருக்கிறது. சென்னையில் எத்தனை ஸ்டுடியோக்கள் வெளிநாட்டுப் படங்களுக்கு இரவு பகலாக வேலை செய்கின்றன. ஒரு தமிழ்ப் பிள்ளையின் கதையை எழுதிவிட்டு வந்து இவர்களைக் கூப்பிடத்தான் யாரும் இல்லை.

பழையகேசட்

அண்ணா, கடைசிப் பத்தியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முதல் பத்தியில் மட்டும் நகர மாட்டேன். தனியாக நிற்கிற பாட்டை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் இந்த வயதிலும் என் தொண்டையில் வந்து நிற்பது, அந்தப் பெண் கையை நீட்டுகிற அந்த வினாடிதான். மெட்டை மட்டும் கேட்டால் அது வருவதில்லை.

நிலாச்சோறு

எல்லோரும் எழுதட்டும் என்று காத்திருந்தேன். என் பாட்டு ஜப்பானிலிருந்து. 'மை நெய்பர் டொட்டோரோ' (1988), படம் தொடங்கும்போது வரும் 'சான்போ'. நடந்து போகும் பாட்டு. இசை ஜோ ஹிசைஷி, பாடியவர் அஸுமி இனோவே. எழுதியவர் ரியேகோ நகாகவா, ஜப்பானில் குழந்தைகளுக்காகவே எழுதிப் பேர் பெற்றவர்.

முதலில் பைக்பைப் மாதிரி ஒரு ஒலி. உடனே ஒரு சிறுமி கையை வீசிக்கொண்டு நடக்கிறாள். பூச்சி, பல்லி எல்லாம் கூடவே ஊர்கின்றன. நான் நடப்பேன், நடப்பது எனக்குப் பிடிக்கும், மலைப்பாதையோ புல்வெளியோ வா போகலாம். இவ்வளவுதான் பாட்டு. ஜப்பானில் பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் பாடுகிற பாட்டாகவே ஆகிவிட்டது.

மேலே எல்லோரும் ஆசையைப் பற்றிப் பேசினீர்கள், இழப்பைப் பற்றிப் பேசினீர்கள். இந்தப் பாட்டில் இரண்டும் இல்லை. இத்தனைக்கும் அந்தப் படத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இரண்டு பெண் குழந்தைகளும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் படம் தொடங்குவது ஒரு குழந்தை நன்றாகக் கைவீசி நடப்பதில். என் அம்மா நீண்ட நாள் சிகிச்சையில் இருந்தபோதுதான் அக்கா இந்தப் படத்தைக் கொண்டுவந்து போட்டாள். ஜெஸ்ஸி பாட்டை அப்போது கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன். இது தாங்கியது.

நெல்லைவாசி

தமிழ் டப்பிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2019 லயன் கிங்கை என் பேரன் தமிழில்தான் பார்த்தான். சிம்பாவுக்குச் சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்குச் சிங்கம்புலி, ஸாஸுவுக்கு மனோபாலா. அந்தக் குரல்களைக் கேட்டுத் தியேட்டரே குலுங்கியது. அதே ஆண்டு 'ஃப்ரோஸன் 2' தமிழில் எல்சாவுக்குப் பேசியதும் பாடியதும் ஸ்ருதி ஹாசன். மூலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் பார்க்கட்டும். ஆறு வயதுப் பிள்ளை சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும் என்றால் தமிழ்தான். பேரன் முப்பது வயதில் இப்படி ஒரு இழையில் எழுதினால், மனோபாலா குரலைப் பற்றித்தான் எழுதுவான்.

மழைமேகம்

உண்மை ஐயா.

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். மகளுக்கு ஆறு முடிந்துவிட்டது. டாய் ஸ்டோரி பார்த்தாயிற்று. அடுத்து எதைப் போடலாம்? கொஞ்சம் பயந்த சுபாவம், இருட்டு வந்தால் என் மடியில் ஏறிவிடுவாள்.

வடமராட்சி

லயன் கிங் இப்போது வேண்டாம். தகப்பன் சாகிற இடம் அந்த வயதுக்குக் கனம். எங்கள் சின்னவன் அதற்குப் பிறகு நாலைந்து இரவு என்னோடுதான் படுத்தான். எட்டு வயதுக்கு மேலே காட்டுங்கள், அப்போதும் பக்கத்தில் இருங்கள்.

பழையகேசட்

லிட்டில் மெர்மெய்டில் கடைசிச் சண்டையில் சூனியக்காரி மலை மாதிரி வளர்ந்து நிற்பாள், அதற்கும் பயப்படலாம். ஜங்கிள் புக் சரியாக இருக்கும். புலி வருகிற இடங்கள் குறைவு, கரடி பார்த்துக்கொள்ளும்.

நிலாச்சோறு

டொட்டோரோ அக்கா, டொட்டோரோ. கெட்டவர் என்று ஒருத்தர்கூட இல்லாத படம். சின்னவள் காணாமல் போகிற ஒரு பகுதி கடைசியில் வரும், அங்கே மட்டும் 'கிடைத்துவிடுவாள்' என்று காதில் சொல்லிவிடுங்கள்.

மழைமேகம்

சரி, இந்தச் சனிக்கிழமை டொட்டோரோ, அதற்கு அடுத்த வாரம் கரடி. எந்தப் பாட்டைத் திரும்பப் போடச் சொன்னாள் என்று வந்து எழுதுகிறேன்.